குகைக்குள் ஒரு சர்க்கார்

சாது வேஷம் பூண்ட ஒருவன் தன் சிஷ்யைகளைக் கெடுத்தான் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், நம் ஜனங்கள் இரண்டு வார்த்தைகளில் அதைத் தீர்த்துவிடுகிறார்கள். “காமம் யாரை விட்டது?” என்பார் ஒரு சாரார். “படித்த பெண்கள்கூட ஏன் போய் விழுந்தார்கள்?” என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டு பேச்சும் பிசகு என்பது நமது அபிப்பிராயம். முதற் பேச்சு, குற்றவாளியைப் பலஹீனன் என்று காட்டிப் பாதி மன்னித்துவிடுகிறது. இரண்டாவது பேச்சு, குற்றத்தைத் தூக்கிப் பெண்ணின் தலையில் வைத்துவிடுகிறது. உண்மையில், இத்தகைய கூட்டங்களில் காமம் என்பது தலைவனுக்கு நேர்ந்த சறுக்கல் அன்று; அவன் ஆளும் கருவியே அதுதான். வரியும் போலீஸும் சிறைச்சாலையும் ஒரு சர்க்காருக்கு எப்படியோ, சிஷ்யர்களின் தேகத்தின்மேல் கொண்ட அதிகாரம் அவனுக்கு அப்படி. இதைத் தெரிந்துகொள்ளாமல், வருஷத்துக்கு ஒரு சாமியாரை வைதுகொண்டிருப்பதில் பயனில்லை.

நாம் சொல்வது புதிய சங்கதியும் அன்று. பம்பாயில் 1862-ம் வருஷத்தில் நடந்த மகாராஜ் அவதூறு வழக்கு இதை ஐயந்திரிபறக் காட்டியது. அவ்வழக்கைத் தமிழ்நாட்டில் அநேகர் அறியார். அறிய வேண்டியது அவசியம்.

புஷ்டி மார்க்கம் என்னும் கிருஷ்ண பக்தி நெறியை ஸ்தாபித்தவர் வல்லபாசாரியார். தெலுங்கு அந்தணர் குலத்தில் தோன்றியவர். அவருடைய நெறியில் சேருகிறவன் உடல், மனம், பொருள் மூன்றையும் கிருஷ்ணனுக்கு அர்ப்பணம் செய்வான். சரணாகதியைப் பாடிய ஆழ்வார்கள் பிறந்த நாட்டில் இதைப் பிழையென்று யார் சொல்வார்? ஆனால் அவர் வழி வந்த குருமார், மகாராஜ் என்ற பட்டத்தோடு, 19-ம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயிலிருந்த பாட்டியா, பனியா வர்த்தகர்களுக்கு நடமாடும் தெய்வங்களாக விளங்கினர். கிருஷ்ணனுக்கென்று புறப்பட்ட அர்ப்பணம் கிருஷ்ணனிடம் போய்ச் சேரவில்லை. நடுவழியில் மகாராஜரின் மாளிகையிலேயே தங்கிவிட்டது. தரிசனத்துக்கு ஒரு கட்டணம், பாதத்தைத் தொட ஒரு கட்டணம், ஊஞ்சலை ஆட்ட ஒரு கட்டணம். அர்ப்பணம் செய்த பொருள்களில் மனைவியும் மகளும் அடங்குவர் என்று வியாக்கியானம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கில் பருத்தி வியாபாரம் செய்த கனவான்கள், கணக்கில் ஒரு தம்பிடி விடாதவர்கள், இந்த வியாக்கியானத்துக்கு மட்டும் தலைகுனிந்து நின்றார்கள்.

கர்சன்தாஸ் மூல்ஜி என்ற வாலிபர் தலைகுனியவில்லை. அவரும் பனியா, அவரும் வைஷ்ணவர். விதவா விவாகத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதியதற்காக, தம்மை வளர்த்த உறவினரின் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். 1855-ல் ‘சத்ய பிரகாஷ்’ என்ற குஜராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். மகாராஜ்கள் சும்மா இருக்கவில்லை. 1858-ல் கோயில் கதவுகளை அடைத்தார்கள். தரிசனமின்றி உணவு கொள்ளாத பக்தர்கள் தவித்தார்கள். அந்தத் தவிப்பின் நடுவே ஒரு பத்திரத்தில் அவர்களிடம் கையொப்பம் வாங்கினார்கள். குருமாருக்கு விரோதமாக எழுதுகிறவனை ஜாதியைவிட்டு நீக்குவது, குருமார் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை என்று ஏற்பாடு செய்வது ஆகியவை அதன் ஷரத்துகள். கர்சன்தாஸின் பத்திரிகை அதற்கு ‘அடிமைப் பத்திரம்’ என்று பெயரிட்டது.

1860 அக்டோபர் 21-ந் தேதி, ஹிந்துக்களின் பூர்வ தர்மத்தையும் அக்காலத்துப் பாஷண்ட மதங்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையில், மகாராஜ்கள் பக்தர்களின் பெண்டிரைக் கெடுக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். சூரத்திலிருந்து வந்திருந்த ஜதுநாத்ஜி மகாராஜின் பெயரையும் குறிப்பிட்டார். அந்த மகாராஜ் 1861-ல் ஐம்பதினாயிரம் ரூபாய் நஷ்டஈடு கேட்டுப் பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் பிராது தொடுத்தார். உடனே பாட்டியா ஜாதித் தலைவர்கள் கூடி, குருவுக்கு விரோதமாக எவனும் சாட்சி சொல்லக்கூடாது, சொன்னால் ஜாதிப் பிரஷ்டம் என்று ஏற்பாடு செய்தார்கள். கர்சன்தாஸ் அஞ்சாமல் அவர்கள் மீதே சதி வழக்குத் தொடர்ந்தார். ஒன்பது பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

மூல வழக்கு 1862 ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் 22-ல் தீர்ப்பாயிற்று. மகாராஜுக்கு மேக நோய்க்கு வைத்தியம் செய்ததாகக் கீர்த்தி பெற்ற டாக்டர் பாவு தாஜியே கூண்டேறிச் சொன்னார். பத்திரிகையில் எழுதியது உண்மை என்ற பிரதிவாதம் நின்றது. தமக்கு முன்னிருந்தது சமய சாஸ்திர விசாரணை அன்று, ஒழுக்க விசாரணை என்றும், ஒழுக்கத்தில் தவறானது மதத்தில் சரியாகிவிடாது என்பதே பிரதிவாதி போராடிய தத்துவம் என்றும் நீதிபதி ஆர்னூல்ட் எழுதினார். வெள்ளைக்காரனுடைய கோர்ட்டில்தானே இந்த நியாயம் கிடைத்தது என்று சிலர் குத்திக்காட்டுவதுண்டு. கோர்ட்டு அவனுடையதுதான். உயிரையும் ஜாதியையும் பணயம் வைத்து எழுதியவர் நம்மவர். தம் ஜாதியாரின் முகத்துக்கெதிரே கூண்டில் நின்று சாட்சி சொன்னவர்களும் நம்மவர். அவர்களின்றி எந்தத் துரையும் தீர்ப்பு எழுதியிருக்க முடியாது.

இதன்பின் நூற்று நாற்பது வருஷங்கள் கழிந்தன. வெள்ளைக்காரன் போனான், ஸ்வராஜ்யம் வந்தது. 2002-ம் வருஷம், ஹரியானாவில் ஸிர்ஸா நகரத்து டேரா ஸச்சா ஸௌதாவைச் சேர்ந்த ஒரு சாத்வி, தம் பெயரை வெளியிடாமல் பிரதம மந்திரி வாஜ்பாயிக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

டேராவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். அது மஸ்தானா என்ற சாது 1948-ல் ஸ்தாபித்தது. குடியை விட்டொழித்தவர்கள் அங்கே ஏராளம். ஜாதிப் பெயரை எறிந்துவிட்டு ‘மனிதன்’ என்று பொருள்படும் பட்டத்தைச் சூடிக்கொண்ட தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் ஏராளம். ஊரில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. மூடர்கள் கூட்டம் என்று அவர்களைத் தள்ளுகிறவர்கள், தங்கள் ஊர்க் கோயிலிலும் குளத்திலும் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். கெட்ட குரு கூட்டம் சேர்ப்பது கெட்ட காரியத்தைக் காட்டி அல்லவே!

1990-ல் பீடமேறிய குர்மீத் ராம் ரஹீம் சிங்கின் வாசஸ்தலத்துக்கு அங்கே ‘குகை’ என்று பெயர். அவன் எல்லோருக்கும் ‘பிதாஜி’. பெண்கள் இரவில் குகைக்கு அழைக்கப்படுவார்கள். அங்கே நடந்த பலாத்காரத்துக்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ‘மாபி’, அதாவது மன்னிப்பு. ‘பிதாஜியின் மாபி கிடைத்ததா?’ என்று மற்ற சாத்விகள் கேட்பார்களாம். கேட்டபோது அதன் அர்த்தம் புரியவில்லை, குகைக்குள் போன பிறகே புரிந்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். தந்தை என்று அழைக்கப்படுகிறவன், மன்னிப்பு என்ற பெயரால், குற்றமொன்றும் செய்யாத பெண்ணைக் குற்றவாளியாக்கி, தான் செய்த குற்றத்தையே அவளுக்குக் காட்டிய கிருபையாக மாற்றிவிடுகிறான். ஒரு சொல் இவ்வளவு வேலை செய்வதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. முறையிட அவளிடம் வார்த்தையே இல்லாமற் செய்துவிடுவது இந்தச் சூழ்ச்சியின் முதற் படி.

கடிதத்தில் அந்தப் பெண் எழுதியிருந்த இரண்டு விஷயங்களை நேயர்கள் கவனிக்கவேண்டும். தானே கடவுள் என்று சொன்ன அவன், கிருஷ்ணன் கோபிகளோடு லீலை புரியவில்லையா என்று கேட்டான் என்பது ஒன்று. பம்பாயில் மகாராஜ்கள் பூசிக்கொண்ட அதே சாயம்! மாநில முதன் மந்திரிகளும் மத்திய மந்திரிகளும் தன் காலைத் தொடுகிறவர்கள், ஆகவே வெளியே சொல்லிப் பயனில்லை என்று அவன் மிரட்டினான் என்பது மற்றொன்று. அவளுடைய குடும்பத்தாரோ அவனுடைய குருட்டு பக்தர்கள். தாய் தந்தையரே நம்பமாட்டார்கள் என்ற நிலையில் மதிற்சுவர் எதற்கு, காவற்காரன் எதற்கு?

பெண்ணுக்கு மட்டுந்தான் இந்த விலங்கு என்று ஆண்பிள்ளைகளாகிய நம்மில் எவரும் எண்ணவேண்டாம். இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் ஒரே சட்டம்: எல்லோருக்கும் பிரம்மசரியம், ஒருவனுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்து வேக்கோ நகரின் அருகே டேவிட் கொரேஷ் என்பவன் 1989-ல் தனக்குப் புதிய ஞானம் பிறந்ததாகச் சொல்லி, தன் சிஷ்யர்களான தம்பதிகளைப் பிரித்தான். கணவர்கள் பிரம்மசாரிகளாக இருக்கவேண்டும், மனைவிகள் அனைவரும் தனக்கே உரியவர் என்றான். கணவர்களில் பெரும்பாலோர் இசைந்தார்கள்! 1993 ஏப்ரலில் சர்க்கார் முற்றுகையின் முடிவில் அந்த இடம் தீப்பற்றி எரிந்தபோது, குழந்தைகள் உள்பட 70-க்கு மேற்பட்டோர் அவனோடு மாண்டார்கள். மனைவியை விட்டுக்கொடுத்தவன் பிறகு எதைக் கொடுக்கமாட்டான்? கணவன்மேல் மனைவிக்கும், பிள்ளைமேல் தாய்க்கும் உள்ள பாசம் எந்த எதேச்சாதிகாரிக்கும் போட்டி அரசு. அதை முதலில் கலைக்காமல் அவன் ஆளமுடியாது.

ஸிர்ஸாவிலும், கடவுளைக் காட்டுவதாகச் சொல்லி ஆண் சிஷ்யர்களை ஆண்மையிழக்கச் செய்தார்கள் என்று மத்தியப் புலனாய்வுத் துறை 2018-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அது தனி வழக்கு. அதைப்பற்றி இங்கே மேலும் பேசோம்.

“படித்த பெண்கள் ஏன் விழுந்தார்கள்?” என்ற கேள்விக்கு வருவோம். நியூயார்க் மாகாணத்தில் ஆல்பனி நகரை அடுத்து, ‘நெக்ஸியம்’ என்ற பெயரில் கீத் ரனேரி என்பவன் ஆத்ம முன்னேற்ற வகுப்புகள் நடத்தினான். அதில் சேர்ந்தவர்கள் கோடீசுவரக் குடும்பத்துப் பெண்கள், நடிகைகள், பட்டதாரிகள். கோயிலும் இல்லை, காஷாயமும் இல்லை. எல்லாம் விஞ்ஞானப் பேச்சு. அதற்குள்ளே பெண்களுக்கென்று ஒரு ரகசிய சங்கம். சேரும்போது ஒவ்வொருத்தியும் ‘ஈடு’ வைக்கவேண்டும். நகையன்று அந்த ஈடு; தன்னைப் பற்றியும் தன் குடும்பத்தாரைப் பற்றியும் வெளியே சொல்லக்கூடாத சங்கதிகள், நிர்வாணப் புகைப்படங்கள். மாதந்தோறும் மேலும் மேலும் ஈடு. பிறகு அவன் பெயரின் எழுத்துகளை இடுப்பின் கீழே சூட்டுக்கோலால் பதித்தார்கள். அது நான்கு பூதங்களின் சின்னம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2019-ல் அவன் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. 2020-ல் 120 வருஷம் சிறை விதிக்கப்பட்டது.

பட்டினியாலும் அடியாலும் பிடித்துவைக்கப்பட்டவன் தப்பி ஓடினால் ஊர் அவனுக்கு இரங்கும். மானத்தால் பிடித்துவைக்கப்பட்டவள் தப்பி ஓடினால் ஊர் அவளைத்தான் தூற்றும். இதைத் தலைவன் நன்றாக அறிவான். ஆகவே அவன் பொன்னைக் கேட்பதோடு நிற்பதில்லை, மானத்தைக் கேட்கிறான். வெட்கம் என்னும் பூட்டை அவன் போடுகிறான். சாவியோ நம் கையில், அதாவது ஊரார் கையில் இருக்கிறது. நாம் அதைக் கொடுப்பதில்லை. பெண்ணின் கற்பைப் பற்றி மேடைதோறும் முழங்குகிற நம் தேசத்தில் இந்தப் பூட்டு மற்ற தேசங்களைவிட உறுதியானது என்பதைச் சொல்லிக்காட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டில் இது நேராது என்பாரும் உளர். நேர்ந்தது. இலங்கை மாத்தளையிலிருந்து வந்த பிரேமானந்தா, திருச்சிராப்பள்ளியை அடுத்த பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தான். அங்கே வளர்ந்த பெண் குழந்தைகளில் பலர் இலங்கைக் கலவரத்தில் வீடிழந்து வந்தவர்கள், அநாதைகள். தாயும் தந்தையும் அவனே என்று ஒப்படைக்கப்பட்டவர்கள். 1994-ல் அங்கிருந்து தப்பி வந்த பெண்ணால் விஷயம் வெளிப்பட்டது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர். பானுமதி, 13 பெண்களைக் கற்பழித்ததற்கும் ஓர் இளைஞனைக் கொன்றதற்கும் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். சென்னை ஐகோர்ட்டும் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தன. 2011-ல் அவன் கைதியாகவே இறந்தான். அகதியாக வந்த குழந்தைக்கு நம் நாட்டில் நிழல் தருவார் வேறு எவரும் இல்லாதபடி வைத்திருந்தோமே, அந்தப் பழியை எந்தக் கோர்ட்டு விசாரிக்கும்?

நம் மதத்தைத் தூற்றுகிறீர்கள் என்று இதற்கெல்லாம் ஓர் ஆட்சேபம் கிளப்பப்படும். கர்சன்தாஸையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் ஹிந்து தர்மத்தின் பூர்வ நெறியைக் காட்டித்தான் வாதாடினார். வேக்கோவில் கையில் இருந்தது பைபிள். ஆல்பனியில் எந்த வேதமும் இல்லை. வேதம் மாறுகிறது, முறை மாறுவதில்லை. குருவின் மேல் பக்தி கொள்ளாதே என்று நாம் எவரையும் தடுக்கவில்லை. கோர்ட்டுக்கு வரவேண்டியவன், கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவன் என்ற நிலையைவிட்டு எந்தக் குருவையும் உயர்த்தாதே என்றுதான் சொல்கிறோம். 1858-ன் அடிமைப் பத்திரத்தின் முக்கியமான ஷரத்தே அதுவல்லவா?

இப்பொழுது அரசியல்வாதிகளுக்கு ஒரு வார்த்தை. ஸிர்ஸா சாத்வியின் கடிதத்தைப் பிரசுரித்தவர் ‘பூரா ஸச்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி. 2002 அக்டோபரில் அவரைச் சுட்டார்கள்; நவம்பரில் இறந்தார். 2019-ல் விசாரணைக் கோர்ட்டு அக்கொலைக்காக டேராத் தலைவன் உள்பட நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பஞ்சாப்-ஹரியானா ஐகோர்ட்டு அந்தக் கடிதத்தைத் தானே விசாரணைக்கு எடுத்துப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது 2002-ல். கற்பழிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது 2017 ஆகஸ்டில். இடையில் கழிந்த பதினைந்து வருஷங்களில் கட்சித் தலைவர்கள் செய்தது என்ன? 2007-ல் பஞ்சாபில் டேரா காங்கிரஸை ஆதரித்தது. 2014-ல் ஹரியானாவில் பாரதிய ஜனதாவை ஆதரித்தது. இரு தரப்பாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் கடிதம் கோர்ட்டில் கிடக்கிறது என்பதை அறியாதவர்களா இவர்கள்? இரண்டு பெண்கள் கடைசிவரை சாட்சியத்தில் நின்றதால் இருபது வருஷத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளன்று நடந்த கலகத்தில் 30-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலைவர்கள் அல்லர், ஏழை பக்தர்கள்.

தண்டனைக்குப் பிறகாவது வெட்கம் வந்ததா? 2022 பிப்ரவரியில் பஞ்சாப் தேர்தலுக்கு முன்னே மூன்று வாரம் விடுப்பு. 2024 அக்டோபரில் ஹரியானா வாக்குப்பதிவுக்குச் சில தினங்கள் முன்னே இருபது நாள் பரோல். பரோல் சட்டத்தில் இடமுள்ள ஏற்பாடுதான் என்பதை நாம் அறிவோம். ஆனால் தேர்தல் அட்டவணையோடு இவ்வளவு பொருத்தமாக வேறு எந்த ஏழைக் கைதிக்கு அது வாய்க்கிறது? அந்தப் பொருத்தத்தைப் பத்திரிகையில் படிக்கிற வேறொரு மடத்துப் பெண், வெளியே சொல்லலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வாள்?

சட்டம் போதாது என்று சொல்வதற்கில்லை. குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012-ல் வந்தது. நம்பிக்கைக்கோ அதிகாரத்துக்கோ உரிய ஸ்தானத்தில் இருப்பவன் செய்யும் பலாத்காரத்துக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை என்று 2013-ல் திருத்தப்பட்டது. சாட்சிக்குத்தான் போதிய காவலில்லை. குழந்தைகளை வைத்து வளர்க்கும் எந்த ஆசிரமமும் விடுதியும் சர்க்கார் பரிசோதனைக்கு உட்பட்டதே. அந்தப் பரிசோதனையை முன்னறிவிப்பின்றிச் செய்யவேண்டும். அதற்குப் போகும் அதிகாரி ஒரு பெண்ணாக இருக்கவேண்டும். குழந்தைகளோடு தனியே பேசவேண்டும். மடாதிபதியின் விருந்தை உண்ணாமல் திரும்பவேண்டும்.

நமது நேயர்களில் பலர் கட்சி ஊழியர்கள். அபேக்ஷகரை எந்தப் பீடத்துக்கு அழைத்துச் செல்வது, எவனுடைய ஆசியைப் படம் பிடித்துச் சுவரொட்டியில் போடுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறவர்கள் அவர்களே. அடுத்த தேர்தலுக்கு முன் தத்தம் ஊர்க் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும்: பாலியல் குற்றத்துக்காக விசாரணையிலோ தண்டனையிலோ இருக்கும் எந்தக் குருவின் வாசலுக்கும் நம் அபேக்ஷகர் போகக்கூடாது, அவனுடைய ஆதரவை ஏற்கக்கூடாது என்று. எத்தனை கமிட்டிகளில் அது நிறைவேறுகிறது, எங்கே யார் எழுந்து அதை எதிர்க்கிறார்கள் என்பதை நமக்கு எழுதினால், ஊர்ப் பெயருடன் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.